பந்தும் பசையும்



அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் விளையாட்டு பேஸ்போல் ஆகும். நமக்குப் பழக்கமான கிரிக்கெற்றில் வீச்சாளர் எறியும் பந்து பெரும்பாலும் நிலத்திற் பட்டெழுந்து வரும். பேஸ்போலிலோ அது 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து காற்றின் வழியே நேராக வந்து சேரும். ஆதலின், பந்தை வளைக்கவும் தாழ்த்தவும் வீச்சாளருக்குத் துணையாவது அதன் சுழற்சியே. அச்சுழற்சியை மாற்றுதற்குப் பந்தில் மறைவாக ஏதேனும் தடவுகின்றனரோ என்னும் ஐயம் நூறாண்டுக்கு மேற்பட்டது.

இச்சூழ்ச்சி இருவகைப்படும். எச்சிலோ களிம்போ தடவிய பந்து விரல்களினின்று வழுக்கிச் செல்லும், சுழற்சி குன்றும், அடிப்பவர் முன்னே எதிர்பாராது தாழும். பைன் மரத் தார் போன்ற ஒட்டும் பொருளின் செயல் இதற்கு மாறானது. விரல் இறுகப் பற்றுதலாற் சுழற்சி மிகும். பின்னோக்கிச் சுழலும் விரைவுப் பந்து காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தாங்கும். இதனை மக்னஸ் விளைவு என்பர். பந்து மேலெழுவதில்லை; வழக்கமான அளவுக்குத் தாழ்வதுமில்லை. மட்டை அதன் கீழே வெறுங்காற்றை வீசிச் செல்ல அதுவே போதும்.

எச்சிற்பந்து 1920ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. எனினும், அதனையே நம்பியிருந்த 17 வீச்சாளருக்கு விலக்களிக்கப்பட்டது. அவருள் இறுதியானவரான பேர்லி கிறைம்ஸ் 1934 வரை ஆடினார். பின்னர் விதி ஏட்டில் இருந்தது, களத்திலோ தளர்ந்தது. கேலோர்ட் பெரி என்னும் புகழ்பெற்ற வீச்சாளர் தம் எச்சிற்பந்தைப் பற்றி 1974இல் நூலே வெளியிட்டார். அதன் பொருட்டு அவர் முதன்முறை களத்தினின்று வெளியேற்றப்பட்டது 1982இலேயே. 1991இற் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார்.

வீச்சாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. புதுப்பந்து வழுவழுப்பானது, குளிரிற் பிடி தளரும், தவறிய பந்து எதிரே நிற்பவரின் தலையைத் தாக்கக்கூடும். இதற்காகவே ஆட்டத்துக்கு முன் பந்துகளில் ஆற்றுச் சேறு தேய்க்கப்படுகின்றது; பிசின் தூளைக் கையிற் பூசவும் அனுமதியுண்டு. 2014இல் நியூயோர்க் யாங்கீஸ் வீச்சாளர் மைக்கல் பினேடா கழுத்திற் பைன் தாருடன் பிடிபட்டார். குளிரிற் பந்தைப் பற்றவே பூசியதாக அவர் கூறினார். ஆயினும் 10 ஆட்டங்களுக்குத் தடை பெற்றார்.

2015 முதல் ஒவ்வொரு வீச்சின் சுழற்சியும் கருவிகளால் அளக்கப்பட்டு வருகின்றது. ஐயத்துக்கு இப்போது எண்ணும் கிடைத்தது. ஆனால் எண் சான்றாகாது. பயிற்சியாலும் பிடியை மாற்றுவதாலும் பந்தின் போக்கு திருந்தலாம். ஆகவே 2021 யூன் 21 முதல் எல்லா வீச்சாளரையும் ஆட்டத்தினிடையே நடுவர்கள் சோதிக்கத் தொடங்கினர். உடனே சுழற்சி அளவுகள் பொதுவாகக் குறைந்தன. அவ்வாரத்திலேயே சியாட்டில் அணியின் ஹெக்டர் சந்தியாகோ முதலாவதாக வெளியேற்றப்பட்டார். தம் கையுறையில் இருந்தது வியர்வையும் அனுமதிக்கப்பட்ட பிசின் தூளுமே என்று அவர் வாதிட்டும் தண்டனை நீங்கவில்லை.

நேயர்களே, காக்கப்படாத விதியால் வஞ்சகர் நன்மையடைவது ஒரு தீங்கு. நேர்மையாகப் பயின்று வென்றவனையும் உலகம் ஐயத்தோடு நோக்குவது அதனினும் பெருந்தீங்கு. எல்லார் முன்னிலையிலும் எல்லாரையும் ஒருபடித்தாகச் சோதிக்கும்போது, குற்றமற்றவன் தன் கைகளை விரித்துக் காட்டிவிட்டுத் தலைநிமிர்ந்து நடக்கலாம்.