தாத்தா படிக்க வேண்டாமா?

நாற்பது வயதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப் போவதே காரணம். கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும். வயது ஏற ஏற அதிக வெளிச்சமும் தேவைப்படும். இது எல்லோருக்கும் வருவதுதான்.

ஆனால் இன்று பென்ஷன், பாங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், புயல் எச்சரிக்கை எல்லாமே செல்போனில், இணையதளம் வழியாக வருகின்றன. பல இணையதளங்களில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. அதுவும் வெள்ளையின் மேல் சாம்பல் நிறம்! தமிழுக்கு இன்னொரு தொல்லை உண்டு. எழுத்து சிறுத்தால் மேலே உள்ள புள்ளி மறைந்துவிடும். "கல்" என்பது "கல" ஆகிவிடும்!

பணம் போகும் வழி

படிக்க முடியாத முதியவர் என்ன செய்வார்? பக்கத்தில் நிற்பவரிடம் செல்போனை நீட்டுவார். ரகசிய எண்ணையும் சொல்லிவிடுவார். பணம் பறிபோக இது போதாதா?

குறை யாருடையது?

குறை கண்ணில் மட்டும் இல்லை. பக்கத்தை அமைத்தவர்களிடமும் இருக்கிறது. எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் ஒன்றும் விட்டுப் போகாமல் படிக்க முடிய வேண்டும், எழுத்தின் நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று 2008-ம் ஆண்டிலேயே உலக அளவில் விதிகள் வந்தன. மறு ஆண்டே நம் நாட்டு அரசு இணையதளங்களுக்கும் நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. இணைய வசதியை எல்லோரும் பயன்படுத்த முடிவது வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

கடலூர் மாவட்ட அரசு இணையதளம் தமிழிலும் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கவும், நிறத்தை அழுத்தமாக்கவும் அதில் வசதி உண்டு. ஆனால் அப்படி ஒரு வசதி இருப்பது தெரிந்தால்தானே முதியவர்கள் பயன்படுத்துவார்கள்?

நீங்கள் செய்யலாம்

கடலூர், சிதம்பரம் பக்கம் பெற்றோரைத் தனியே விட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்களே! அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவர்களுடைய செல்போனை வாங்கிப் பாருங்கள். அமைப்புகளில் "எழுத்து அளவு" என்று இருக்கும். அதைப் பெரிதாக்குங்கள். மொழியைத் தமிழாக்குங்கள். இரண்டு விரலால் விரித்துப் படிக்கக் கற்றுக் கொடுங்கள்.

ஐந்து நிமிட வேலைதான். பிறகு ரகசிய எண்ணை அவர்களே படிப்பார்கள்; அவர்களே அழுத்துவார்கள். பிறர் கையில் செல்போனை நீட்ட வேண்டியதில்லை!