அந்த 1000 எங்கிருந்து வந்தது?

ஒரு கடையின் ஆர்டர்கள், லட்சக்கணக்கில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டைக் கொடுத்தால் அந்த ஆண்டின் ஆர்டர்களை எடுத்துத் தர எஸ்.கியூ.எல்.லில் ஒரு ஃபங்ஷன். உள்ளே இருப்பது ஒரே ஒரு செலக்ட். அதனிடம் 7ஆம் எண் வாடிக்கையாளரின் ஆர்டர்களை மட்டும் கேட்கிறோம். பதில் வருவதற்குள் டீக்கடைக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

வினவலுக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் என்று சேர்த்தால், போஸ்ட்கிரெஸ் வேலையில் இறங்காமல் தன் திட்டத்தை மட்டும் காட்டும். அதில் 'ஃபங்ஷன் ஸ்கேன்' என்றும், 5 வரிசை கிடைக்கும் என்றும் இருக்கிறது. வாடிக்கையாளர் நிபந்தனையை எடுத்துவிட்டுப் பார்த்தால் 1000 வரிசை. இரண்டுமே எண்ணிப் பார்த்துச் சொன்னவை அல்ல. எத்தனை வரிசை வரும் என்று நாம் சொல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் 1000 என்றே வைத்துக்கொள்ளும். 5 என்பது, நிபந்தனை சேர்ந்ததற்காக அதில் ஊகித்த இருநூறில் ஒரு பங்கு. திட்டம் போடும் பிளானருக்கு நம் ஃபங்ஷன் மூடிய பெட்டி. ஃபங்ஷன் முழு ஆண்டையும் வெளியே கொட்டிய பிறகுதான் போஸ்ட்கிரெஸ் 7ஆம் எண்ணைத் தேடுகிறது. ஒரு கிலோ சர்க்கரைக்காகக் குடோனையே வாசலில் இறக்கிய கதை. வாடிக்கையாளர் எண்ணுக்குப் போட்ட இண்டெக்ஸ் தூங்குகிறது.

பெட்டியைத் திறக்க ஒரே சொல் போதும். நாம் எதுவும் குறிப்பிடாத ஃபங்ஷனை போஸ்ட்கிரெஸ் 'வோலடைல்' என்று கொள்கிறது: ஒவ்வொரு அழைப்புக்கும் விடை மாறலாம் என்ற சந்தேகம். அதை 'ஸ்டேபிள்' என்று அறிவித்து, மீண்டும் எக்ஸ்பிளெய்ன் போடுங்கள். ஃபங்ஷனின் பெயரே காணாமல் போய், அட்டவணையின் பெயர் தெரிந்தால், உள்ளிருந்த செலக்ட் நம் வினவலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். இண்டெக்ஸுக்கும் வேலை வந்துவிடும். இதையே போஸ்ட்கிரெஸின் இன்னொரு மொழியான பிஎல்பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதியிருந்தால் என்ன அறிவித்தாலும் பெட்டி திறக்காது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.கியூ.எல். சர்வரும் ஒற்றை மதிப்பு தரும் ஃபங்ஷன்களை இப்படிக் கரைக்கக் கற்றது 2019 பதிப்பில்தான்.

ஸ்டேபிளே இவ்வளவு செய்தால், அதற்கும் மேலான 'இம்யூட்டபிள்', அதாவது என்றைக்கும் விடை மாறாது என்ற உறுதி, இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் வில்லங்கம். உறுதியை நாம் கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் நம்பிவிடும், சோதிக்காது. வரி விகிதத்தை வேறோர் அட்டவணையிலிருந்து படித்து விலை கணக்கிடும் ஃபங்ஷனுக்கு அந்த முத்திரையைக் குத்தி, அதன்மேல் இண்டெக்ஸும் போட்டுவிட்டோம் என்றால், விகிதம் மாறிய பிறகும் இண்டெக்ஸ் பழைய விலையை வைத்தே தேடும். எக்ஸ்பிளெய்னில் 'இண்டெக்ஸ் ஸ்கேன்' என்று அழகாகவே தெரியும். விடை மட்டும் தப்பாக இருக்கும்.