விக்கிக்கு ஒரு காட்சித் தொகுப்பி

டிக்கோயாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று கம்பெனிக் கணக்கிலும் தேசப்படத்திலும் காணப்படும் பெயர். மற்றொன்று தோட்டத்து மக்கள் தம்முள் வழங்கும் பெயர். முன்னது பெரும்பாலும் ஸ்கொத்லாந்து நாட்டு ஊரொன்றை நினைவூட்டும். பின்னதோ ஒரு மரத்தையோ, ஓர் ஆற்றையோ, முதலிற் காடு வெட்டிய ஆட்களின் கங்காணியையோ நினைவூட்டக் கூடும். முதற்பெயரை எவரும் நூல்களிற் கண்டறியலாம். இரண்டாம் பெயர் எவ்வாறு வந்தது என்பதை அறிந்தோரிற் சிலர் லயத்து வாசல்களில் முதுமையெய்தியிருக்கின்றனர். வேறு பலர், 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின் பின்னர் கப்பலேறிச் சென்று, நீலகிரியிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் குடியமர்ந்தனர். ஒரு தோட்டத்தின் நினைவு இவ்வாறு இரண்டு மலைகளிற் பிரிந்து கிடக்கின்றது.

இத்தகைய நினைவுகளை ஒன்று சேர்ப்பதற்கு ஏற்ற கருவியாக விக்கி என்னும் மென்பொருள் அமைந்துள்ளது. 'விக்கி' என்பது ஹவாய்த் தீவினரின் மொழியில் விரைவு எனப் பொருள்படும். 1995ஆம் ஆண்டில் வார்ட் கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கர் முதல் விக்கியை அமைத்தார். ஒரே பக்கத்தை டிக்கோயாவில் இருப்பவரும் கோத்தகிரியில் இருப்பவரும் திருத்தலாம். திருத்தத்துக்கு முந்திய வடிவம் எதுவும் அழிந்துபோவதில்லை. 2003ஆம் ஆண்டிற் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பேணி 2005ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் நூலகம் தளமும் மீடியாவிக்கி என்னும் ஒரே மென்பொருளின் மீது எழுந்தவையே. தமிழ் விக்கிப்பீடியாவின் முன்னோடியாக விளங்கியவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் என்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

அங்ஙனமாயின் தோட்டப் பெயர்களின் கதையைத் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே எழுதிவிடலாமே என்று நேயர்கள் வினவலாம். அங்கே ஒரு தடையுண்டு. கலைக்களஞ்சியமானது அச்சேறிய சான்றினைக் கேட்கும். பாட்டியின் வாய்மொழியை அது சான்றாகக் கொள்வதில்லை. அந்நெறி தவறானது அன்று. ஆயினும், வாய்மொழியைத் திரட்ட விரும்பும் வாசிகசாலையோ பாடசாலையோ தனக்கென ஒரு விக்கியை நிறுவிக்கொள்ள வேண்டியதாகின்றது. மீடியாவிக்கி விலையின்றிக் கிடைப்பது. இணைய இணைப்பு இல்லாத இடத்திலும், ஒரு கணினியில் அதனை நிறுவி, அதே கட்டடத்துப் பிற கணினிகளிலிருந்து எழுதலாம்.

நிறுவிய பின்னரே உண்மையான இடர் தோன்றும். விக்கியின் பக்கங்கள் ஒருவகைக் குறியீட்டு மொழியில் எழுதப்படுகின்றன. இணைப்புக்கு இரட்டைச் சதுர அடைப்பு, தடித்த எழுத்துக்கு மூன்று மேற்கோட் குறி, தலைப்புக்கு இருபுறமும் இரட்டைச் சமக்குறி என்று அதன் இலக்கணம் விரியும். அட்டவணையென்று வந்துவிட்டாலோ, நெளிந்த அடைப்பும் நெடுங்கோடும் கலந்து, பழகியவர்களையும் மயங்க வைக்கும். கவ்வாத்தைப் பற்றியும் பெரட்டைப் பற்றியும் ஒரு நாள் முழுவதும் சொல்லத்தக்க ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, இக்குறிகளைக் கண்ட மாத்திரத்தில் விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிடுவார். அறிவுடையார் ஒருவராகவும் குறியறிந்தார் வேறொருவராகவும் இருந்தால், எழுதப்படுவது குறியறிந்தாருக்குத் தெரிந்தது மட்டுமே ஆகும்.

இக்குறையை நீக்க வந்ததே விஷுவல் எடிட்டர் எனப்படும் காட்சித் தொகுப்பி. பக்கம் வாசகருக்கு எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே எழுதுபவருக்கும் தோன்றும்; குறிகள் கண்ணிற்படா. விக்கிமீடியா அறக்கட்டளை இதன் முதல் மாதிரியை 2011ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டது. 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் அனைவர்க்கும் பொதுவாக இது திறந்துவிடப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. குறைகள் மலிந்த நிலையில் அவசரப்பட்டுவிட்டனர் என்று பழைய எழுத்தாளர்கள் முறையிட்டனர்; அவ்வாண்டு செப்டெம்பரில் அவ்விக்கியில் அது விரும்பியோர்க்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. முறையீட்டிற் பொருளிருந்தது என்றே கூற வேண்டும்.

ஏனெனில் இதன் உள்ளே நிகழும் வேலை எளிதன்று. சேமிப்பில் உள்ளது பழைய குறியீட்டு மொழியே. அதனை உலாவி அறிந்த மொழிக்கு மாற்றவும், திருத்தியதை மீண்டும் குறியீட்டுக்கு மாற்றவும் பார்சாய்ட் என்னும் மொழிபெயர்ப்பாளன் இடையில் நிற்கின்றான். ஒரு நூலைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து மறுபடியும் தமிழுக்கும் பெயர்த்தால் மூலச்சொற்கள் அப்படியே மீளுமா? அதுவே பார்சாய்ட்டின் சோதனை. திருத்தப்பட்ட பகுதியை மட்டும் புதிதாக எழுதி, தொடாத பகுதியை மூலத்திலிருந்து அப்படியே எடுத்து வைத்தல் என்னும் உபாயத்தினால் அது இச்சோதனையிற் பெரும்பாலும் தேறியது.

தொடக்க ஆண்டுகளில் இம்மொழிபெயர்ப்பாளனைத் தனியானதொரு சேவையாக, வேறொரு நிரல்மொழியில் நிறுவி ஓயாது இயக்க வேண்டியிருந்தது. சிறிய நிறுவனங்கள் பல இப்படியிலேயே நின்றுவிட்டன. 2020இல் வந்த 1.35ஆம் பதிப்பு இந்நிலையை மாற்றியது. பார்சாய்ட் மீடியாவிக்கியின் சொந்த மொழியிற் திருப்பி எழுதப்பட்டு அதனுள்ளேயே அமைந்தது. காட்சித் தொகுப்பியும் பொதியுடன் சேர்ந்தே வரலாயிற்று. இப்போது நிறுவுவோர் செய்ய வேண்டியது, நிறுவும்போது அதன் பெயருக்கெதிரே குறியிடுவதும், மறந்துவிட்டால் லோக்கல்செட்டிங்ஸ் என்னும் அமைப்புக் கோப்பில் அந்நீட்சியை ஏற்றும் ஒரு வரியைச் சேர்ப்பதுமே. பின்னர், சிறப்புப் பக்கங்களுள் பதிப்பு என்பதைத் திறந்து பெயர் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

எனினும் சில பொறிகள் உண்டு. பாதுகாப்புக் கருதி வழங்கியின் பொறுப்பாளர் கோப்புகளிற் பலவற்றை அடைத்துவிடுவதுண்டு. ரெஸ்ட் என்னும் வாயிற்கோப்பும் அவற்றுள் அகப்பட்டால், தொகுப்பி திறவாது பிழைச்செய்தி ஒன்றைக் காட்டி நின்றுவிடும். தலைப்பிற் சாய்கோடு உள்ள உபபக்கங்கள் மட்டும் திறவாதிருப்பது மற்றொரு பிழை. 'வனராஜா' என்னும் பக்கம் திறக்கும், 'வனராஜா' என எழுதிச் சாய்கோடிட்டுத் 'தோட்டப்பெயர்' எனச் சேர்த்த பக்கம் திறவாது. அப்பாச்சி வழங்கியில், குறியாக்கம் பெற்ற சாய்கோட்டை ஏற்கும் அனுமதி வழங்கப்படாமையே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். பக்கத்தைக் குறை கூறிப் பயனில்லை.

பராமரிப்பைப் பற்றி ஒரு சொல். தேயிலைச் செடியை நட்டவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதைத் தோட்டத்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. மீடியாவிக்கியில் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகின்றன, 1.39 என்பது 2022இலும், 1.43 என்பது 2024இலும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்றாண்டு காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். தனி ஆள் வைக்க இயலாத வாசிகசாலைக்கு இப்பதிப்புகளே தக்கவை. புதிய பதிப்புக்கு மாறுமுன் தரவுத்தளம், படிமங்கள், அமைப்புக் கோப்பு ஆகிய மூன்றையும் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். மென்பொருள் ஒரு பதிப்பாகவும் நீட்சி வேறொரு பதிப்பாகவும் இருந்தால் தொகுப்பி இயங்காமற்போகும். பொதியுடன் வந்த நீட்சியைப் பொதியுடனேயே மாற்றுவது நலம். மாற்றியபின் புதுப்பிப்பு நிரலை ஓட்டி, மணற்பெட்டிப் பக்கமொன்றில் ஓர் அட்டவணையும் ஒரு படமும் இட்டுச் சேமித்துப் பார்த்த பின்னரே பிறரை எழுத அழைக்கலாம்.

வார்ப்புருக்களுக்கும் சிறிது கவனம் வேண்டும். தோட்டத்தின் பெயர், வழங்குபெயர், பரப்பு முதலியவற்றைத் தாங்கும் பெட்டியை ஒருவர் அமைத்துவிட்டால், டெம்ப்ளேட்டேட்டா என்னும் துணை நீட்சி வழியே அதன் ஒவ்வொரு கூறுக்கும் தமிழில் விளக்கம் எழுதி வைக்கலாம். அப்போது காட்சித் தொகுப்பியில் அது நிரப்பத்தக்க படிவமாகத் தோன்றும். இவ்வேலையைச் செய்யாது விட்ட விக்கிகளில் புதியவர் பெட்டியை அணுகவே அஞ்சுவர். நிறுவுதலினும் இதுவே பயன் மிக்கது.

இலங்கையில் தனியே எழும் இடர் ஒன்றுண்டு. பழைய தமிழ் ஆவணங்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அவற்றைக் காட்சித் தொகுப்பியில் ஒட்டினால் எழுத்துரு நீங்கி, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே எஞ்சும். எழுதியவர் தம் உழைப்பு அழிந்ததென மனமுடைவார், அழிந்ததொன்றுமில்லை. முதலில் யூனிகோட்டுக்கு மாற்றி, பின்னர் ஒட்ட வேண்டும். புதிதாகத் தட்டச்சு செய்வோருக்கோ தமிழ்99 முதலிய உள்ளீட்டு முறைகளை விக்கியே தன் மொழித்தெரிவு நீட்சி மூலம் தரவல்லது.

மலைநாட்டில் அலைபேசி வழி இணைப்பு மெலிந்திருக்கும் இடங்களிற் காட்சித் தொகுப்பி திறக்க நேரமெடுக்கும். அது உலாவியில் இறக்க வேண்டிய நிரல் அதிகம். ஆதலால் பழைய வழியை மூடிவிடலாகாது. 'தொகு' என்பதற்கு அருகே 'மூலத்தைத் தொகு' என்பதும் நிற்கட்டும். பேச்சுப் பக்கங்களிற் காட்சித் தொகுப்பி இயல்பாக இயங்குவதில்லை என்பதையும் புதியவர்க்கு முன்னரே சொல்லிவைத்தல் நன்று. ஒரு பெயர் பற்றி இரு முதியோர் மாறுபடும்போது அவர்கள் முதலிற் செல்வது அப்பக்கத்துக்கே.