கடலடியிலிருந்து நேராக நுவரெலியாவுக்கா?

நிலாவெளிக்குப் போய், புறாத்தீவுப் பவளப்பாறைகளுக்கிடையே ஸ்கூபா சுழியோட நினைக்கும் மலையக நேயர்களுக்கு ஒரு தகவல்.

மாதம் பார்ப்பது சுலபம். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் பொதுவாக அமைதி. யோசிக்க வேண்டியது, வீடு திரும்பும் நேரத்தைத்தான்.

10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைவிட இரு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்து சேர்கிறது. கரையேறிய பிறகும் அது வெளியேற மணிக்கணக்காகும். அதற்குள் மலையேறினால், காற்றழுத்தம் குறைய, சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டுவலி, விறைப்பு, தலைசுற்று. சிலருக்குக் கைகால் முடங்குவதும் உண்டு.

மாலைதீவு போகிறவர்கள் விமானத்துக்காக எப்படியும் காத்திருப்பார்கள். வான் வண்டியில் வீடு திரும்பும் நமக்குத்தான் அந்த நினைப்பே வராது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரம். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஏறத்தாழ அந்த உயரத்துக்குரியதே. காலையில் சுழியோடி, பகல் சோற்றை முடித்துக்கொண்டு, கண்டி தாண்டி றம்பொடை வளைவுகளில் ஏறுவது விமானம் ஏறுவது போலத்தான். ஹட்டன் சற்றுத் தாழ்வு, ஆனாலும் விலக்கில்லை.

விமானப் பயணத்துக்கு முன், ஒரு தடவை சுழியோடியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பல தடவை சுழியோடியவர் 18 மணித்தியாலமும் பொறுக்க வேண்டும் என்பது சுழியோடிகளின் பாதுகாப்புக்கான ‘டான்’ அமைப்பின் பரிந்துரை. நமக்கும் அதே கணக்கு நல்லது. கடைசி நாளைக் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.