செருப்பு கடிக்கும் இடம்

பழமொழி என்றதும் "பாட்டன் சொன்னான், கேட்டுக்கொள்" என்றால், தலையாட்டிவிட்டுப் போவதா நம் வழக்கம்? சொன்னவன் யார், யாரைப் பார்த்துச் சொன்னான் என்று கேட்டபிறகே கொள்வோம். கொள்ளத் தகாததைத் தள்ளுவோம். வேலூரும் ஆம்பூரும் தோல் விளையும் சீமை. ஆங்கிலேயனிடமும் தோலைப் பற்றிய பழமொழிகள் உண்டு. அவற்றில் நாலைந்தை உதறிப் பார்ப்போமே!

"பிறன் தோல் என்றால் வாரை நீளமாக அறுப்பான்." 1546-இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட தொகுப்பிலேயே இருக்கிறது இது. "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் கிழவி சொன்னதும் இதைத்தானே! முதல் உலகப் போரிலே ஆங்கிலப் பட்டாளத்தின் பூட்சுக்குத் தோல் எங்கிருந்து போயிற்று? சென்னை மாகாணத்திலிருந்து! ஆவாரம்பட்டையில் பதமாகி, பாதிப் பக்குவத்தில் கப்பலேறிற்று. பழமொழியும் அவனுடையது, அறுத்த வாரும் அவனுடையது. தோல் மட்டும் நம்முடையது!

"தோலுக்கு நிகர் ஏதுமில்லை" என்பது இன்னொன்று. எதிரி சூழ்ந்த நகரத்தை எதைக் கொண்டு காப்பது என்று கூடிப் பேசினார்களாம். கொத்தன் கல் என்றான், தச்சன் மரம் என்றான், தோல்காரன் தோல் என்றான். அவனவன் சரக்கு அவனவனுக்கு! நம் பக்கத்திலும் அந்தக் குரல் கேட்டது. அன்னியச் செலாவணி, அன்னியச் செலாவணி என்றார்கள். பாலாற்றைப் பற்றிப் பேச்சில்லை. 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழான கணக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது: கெடுத்தவனே கொடுக்க வேண்டும்!

"செருப்புத் தைப்பவன் தன் கட்டையோடு நிற்கட்டும்." கிரேக்க ஓவியன் அப்பெல்லஸ் தீட்டிய படத்தில் செருப்பு தவறென்றான் ஒரு தொழிலாளி. ஓவியன் திருத்தினான்; அது அவன் பெருந்தன்மை, மறைக்கமாட்டோம். மறுநாள் காலைப் பற்றியும் அவன் குறை சொன்னதும், செருப்புக்கு மேலே பேசாதே என்றானாம். கேட்ட குரலாக இல்லையா? 1953-இல் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாதி நேரம், அப்பன் தொழிலில் பாதி நேரம் என்று வந்ததே ஒரு திட்டம், குலக்கல்வி என்று நாடே கொதித்ததே, அந்தக் குரல்தான். மறு ஆண்டே அது குப்பைக்குப் போயிற்று. இந்தப் பழமொழியையும் அதன் பின்னாலேயே அனுப்புவோம்.

நாம் வைத்துக்கொள்ள விரும்புவது ஒன்று உண்டு: "செருப்பு எங்கே கடிக்கிறது என்பது போட்டவனுக்கே தெரியும்." புளூட்டார்க் எழுதிய கதை இதற்கு மூலம். மனைவியை விலக்கிய ரோமானியன் ஒருவனை, அழகில்லையா, குணமில்லையா என்று நண்பர்கள் குடைந்தார்கள். அவன் காலை நீட்டினான். "புதுச் செருப்பு, நல்ல செருப்பு; எங்கே கடிக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்!"

அந்த மனைவியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, அவளுக்கும் கடித்திருக்கும்!

ஆம்பூரில் அப்பர் தைக்கும் தங்கையின் முதுகுவலி மேற்பார்வையாளனின் பேரேட்டில் ஏறாது. சுண்ணாம்புத் தொட்டியருகே நிற்கும் அண்ணனின் கைப்புண் ஏற்றுமதிக் கணக்கில் வராது. 2015 சனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சுவர் தாங்குமா என்று, அதன் பக்கத்தில் படுத்தவர்களை யாரேனும் ஒருநாள் கேட்டதுண்டா?