விரல் நுனியிலிருந்து முகம் வரை: டெனிசோவர்களை அடையாளம் கண்ட கதை

தெற்கு சைபீரியாவின் அல்தாய் மலைகளில் டெனிசோவா என்றொரு குகை இருக்கிறது. ரஷ்யத் தொல்லியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் தோண்டிவந்த அந்தக் குகையில் 2008-ல் சுண்டுவிரல் நுனி எலும்பின் துண்டு ஒன்று கிடைத்தது. வளரும் வயதில் இருந்த ஒருவருடையது என்பதற்கு மேல் உடற்கூறியலால் எதுவும் சொல்ல முடியவில்லை. விரல் நுனியை வைத்துக்கொண்டு நெற்றியையும் தாடையையும் ஊகிக்க வழியில்லை.

அந்தத் துண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்துக்குச் சென்றது. ஸ்வாந்தே பாபோவின் குழு எலும்புத் தூளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தது. சைபீரியக் குளிர் அதைக் கெடாமல் காத்திருந்தது. 2010-ல் முடிவு வெளியானது: அந்த விரல் நம் இனத்தாருடையதும் அல்ல, நியாண்டர்தால்களுடையதும் அல்ல. எலும்பின் வடிவத்தைக் கொண்டல்லாமல் மரபணுவைக் கொண்டே ஒரு மனிதக் கூட்டம் அறியப்பட்டது அதுவே முதல் முறை. குகையின் பெயரால் அவர்களை டெனிசோவர்கள் என்றார்கள். பாப்புவா நியூ கினி மக்களின் மரபணுவில் சில விழுக்காடு அவர்களிடமிருந்து வந்தது என்பதும் தெரிந்தது.

பெயர் கிடைத்துவிட்டது, முகம் கிடைக்கவில்லை. 2014-ல் மரபணுவியலே ஒரு புதிரையும் கொண்டுவந்தது. ஆக்சிஜன் குறைந்த திபெத்தியப் பீடபூமியில் மக்கள் நலமாக வாழ உதவும் ஒரு மரபணு வடிவம் டெனிசோவர்கள் வழியே வந்திருக்கிறது. ஆனால், டெனிசோவா குகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு மலையுச்சி வாழ்வுக்கான மரபணு எதற்கு?

விடை சீனாவின் லான்சோ பல்கலைக்கழகத்தில் இருந்தது. திபெத்தியப் பீடபூமியின் விளிம்பில், 3,280 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு குகையில் 1980-ல் ஒரு பௌத்தத் துறவி கண்டெடுத்த பாதித் தாடை அது. அதில் டி.என்.ஏ. மிஞ்சவில்லை. ஆனால், பல்லுக்குள் புரதம் மிஞ்சியிருந்தது. புரதத்தின் அமினோ அமில வரிசை மரபணுவின் கட்டளைப்படி அமைவது, டி.என்.ஏ. சிதைந்த பிறகும் நெடுங்காலம் தாங்கக்கூடியது. அந்த வரிசை டெனிசோவர்களையே காட்டியது.

காலத்தைச் சொன்னது வேறொரு துறை. தாடையின் மேல் சுண்ணாம்புப் படிவு ஒட்டியிருந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் அதுதான். படிவு உருவாகும்போது நீரோடு சிறிதளவு யுரேனியமும் அதில் சேரும். அது தெரிந்த வேகத்தில் தோரியமாக மாறிக்கொண்டே இருக்கும். இரண்டின் விகிதத்தை அளந்தால் படிவின் வயது தெரியும். படிவு தாடைக்கு மேல் படிந்தது என்பதால் தாடை அதைவிட மூத்ததாகத்தான் இருக்க வேண்டும். கணக்கு 1,60,000 ஆண்டுகள் என்றது. ஆக, டெனிசோவர்கள் உயரத்திலும் வாழ்ந்திருக்கிறார்கள்.

2019-ல் இது வெளியானபோதும் புரதச் சான்று மெலிதானது என்ற தயக்கம் இருந்தது. அது நியாயமான தயக்கம்தான். அடுத்த ஆண்டே அதே குகையின் மண்ணிலிருந்து டெனிசோவர்களின் டி.என்.ஏ. கிடைத்தது. எலும்பே தேவைப்படாத சான்று! ஒன்றுக்கொன்று சார்பில்லாத இரண்டு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேரும்போதுதான் இத்தகைய முடிவை நம்பலாம்.

முகம் கடைசியாக வந்தது. சீனாவின் ஹார்பின் நகரில், பாலம் கட்டும் பணியின்போது 1933-ல் கிடைத்ததாகவும், கிணற்றில் பல பத்தாண்டுகள் மறைத்துவைக்கப்பட்டதாகவும் சொல்லப்படும், ஏறக்குறைய முழுமையான மண்டையோடு அது. தடித்த புருவ எலும்பு, பெரிய கண்குழிகள். 2021-ல் வடிவத்தைக் கொண்டு அதைப் புதிய மனித இனம் என்று அறிவித்தார்கள். 2025-ல் பல்லில் படிந்த காரையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வும் எலும்பிலிருந்து எடுத்த புரதமும் அது ஒரு டெனிசோவர் என்று காட்டின.

தமிழ்நாட்டில் நிலைமை தலைகீழ். இங்கே கற்கருவிகள் ஏராளம். 1863-ல் பல்லாவரத்தில் முதல் கற்கருவியை எடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் புவியியலாளர். அதே ஆண்டு அவர் சென்றடைந்த அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011-ல் காட்டியது. ஆனால், அவற்றோடு சேர்ந்த மனித எலும்பு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. அவற்றைச் செய்தவர்கள் யார் என்று கல் சொல்லாது. அவர்களைத் தமிழர் என்று உரிமை கொண்டாடுவோரும் உண்டு. ஆனால், மொழிகளை ஒப்பிட்டுப் பின்னோக்கிச் செல்லும் முறை ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் எட்டாது என்பதே பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. அத்திரம்பாக்கத்தின் பெருமைக்கு அதன் வயதே போதும்.

நம் வெப்பத்தில் டி.என்.ஏ. இவ்வளவு காலம் தாங்குவது கடினம். ஆனாலும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. தைவானுக்கு அருகே கடலடியிலிருந்து மீனவர் வலையில் வந்த ஒரு தாடை, புரதத்தைக் கொண்டே ஓர் ஆண் டெனிசோவருடையது என்று 2025-ல் உறுதியானது. அது சைபீரியா போன்ற குளிர்ப் பகுதி அல்ல. டெனிசோவா குகையிலும், இன்னதென்று தெரியாமல் கிடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புச் சில்லுகளைக் கொலாஜன் என்ற எலும்புப் புரதத்தைக் கொண்டு சோதித்தபோதுதான், நியாண்டர்தால் தாய்க்கும் டெனிசோவத் தந்தைக்கும் பிறந்த ஒரு சிறுமி அகப்பட்டாள். நம் அகழாய்வுக் குழிகளில் கிடைக்கும் பற்களையும் சில்லுகளையும் விலங்கினுடையது என்று ஒதுக்காமல், கையுறையோடு எடுத்து, கழுவாமல், குளிரில் பாதுகாக்கும் வழக்கம் எல்லா இடங்களிலும் வர வேண்டும்.