முதலாளி இல்லாத காபிக் கடை

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால், பேருந்து நிலையத்தின் அருகே செங்கல் நிறத்தில் உருண்டையாக ஒரு கட்டடம் நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ பழைய கோட்டையின் மிச்சம் என்றே நினைப்பார்கள். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். வைத்தியத்துக்கும் விமானம் ஏறவும் குமரி, நெல்லைப் பக்கத்திலிருந்து போகிறவர்களில் பலருக்கு நன்கு பழகிய இடம்.

இதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து, கேரளத்தில் ஊன்றி, 2007இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தார். குறைந்த செலவில் அழகாகக் கட்ட முடியும் என்று வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டியவர். இங்கே அவர் மாடி என்று தனியாக எதையும் வைக்கவில்லை. ஒரே சரிவுப் பாதை சுருளாக மேலேறிக்கொண்டே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. நடக்கும் தரைதான் சரிவு, மேசை சமம், காபி சிந்தாது. சுவரில் வரிசையாக விட்ட திறப்புகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன, கீழே போகும் பேருந்துகளும் தெரிகின்றன. கூட்ட நேரத்தில் எதிர் பெஞ்சில் முன்பின் தெரியாதவர் வந்து உட்காருவார், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மலிவாகச் சாப்பிடுகிறவனுக்குத் தகரக் கொட்டகை போதும் என்று நினைக்காமல், ஒரு பெரிய கட்டடக் கலைஞர் மனம் வைத்துக் கட்டிய உணவகம் இது. நம் ஊர்களில் இப்படி எத்தனை இருக்கின்றன?

மசாலா தோசையைப் பிய்த்தால் உள்ளே மசாலா சிவப்பாக இருக்கும். பீட்ரூட். மஞ்சள் உருளைக்கிழங்கு மசாலாவுக்குப் பழகிய நாக்கு முதல் வாயில் கொஞ்சம் திகைக்கும், இரண்டாவது வாயில் சமாதானமாகிவிடும். கட்லெட்டிலும் அதே நிறம்தான். மேலே மொறுமொறுவென்று பொரிந்த தூள், உள்ளே இளக்கமான சிவப்பு, பக்கத்தில் நறுக்கிய பச்சை வெங்காயம், கொஞ்சம் தக்காளி சாஸ். வெங்காயத்தையும் சேர்த்து ஒரே கவளமாக எடுத்தால்தான் அதன் ருசி முழுதாகத் தெரியும். கொண்டுவந்து வைப்பவர் வெள்ளைச் சீருடையில், விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு இருப்பார். அரண்மனை விருந்துக்குப் பரிமாறும் உடுப்பில், பேருந்துக்குக் காத்திருக்கும் கூலித் தொழிலாளிக்குக் காபி வருகிறது.

அந்தத் தலைப்பாகைக்காரர் வெறும் சிப்பந்தி அல்லர், இந்த நிறுவனத்தின் பங்குதாரர். கதை காபி வாரியத்தில் தொடங்குகிறது. இந்தியக் காபியை இந்தியர்களிடமே பரப்புவதற்காக வாரியம் நாடெங்கும் காபி ஹவுஸ்களை நடத்திவந்தது. 1950களில் அவற்றை மூட முடிவெடுத்தது. வேலை போனவர்கள் தெருவில் நின்றார்கள். அப்போது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்று அவர்களுக்குத் தைரியம் கொடுத்தார். 1957இல் பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது, அதே ஆண்டு டெல்லியிலும் கடை திறந்தது. 1958இல் கேரளத்துக்கு வந்தது. இன்றும் கேரளக் கிளைகளில் ஏ.கே. கோபாலனின் படம் சுவரில் இருக்கும்.

கடையில் வேலை செய்கிறவர்களே சங்கத்தின் உறுப்பினர்கள். நிர்வாகக் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். லாபத்தை எடுத்துக்கொண்டு போக வெளியே ஒருவர் இல்லாததால், காபியின் விலையைக் கட்டுக்குள் வைத்தும் பரிமாறுகிறவருக்கு முறையான சம்பளம் தர முடிகிறது. விலை மலிவென்றால் எங்கோ ஒருவர் வயிற்றில் அடித்திருக்கிறார்கள் என்பதே நம் அனுபவம். மற்ற மலிவுக் கடைகளின் சமையலறையில் பதினாறு வயதுப் பையன் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பான். அப்படி யாரையும் கசக்காமலே மலிவாகச் சோறு போட முடியும் என்பதை இவர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திக் காட்டுகிறார்கள். கேரளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வளாகங்களிலும் காபி ஹவுஸ் உண்டு. நோயாளிக்குத் துணையாக வந்து நாள்கணக்கில் தங்குகிறவர்களுக்கு, கையிலிருக்கும் காசில் சூடாக, சுத்தமாக மூன்று வேளை சாப்பாடு கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அங்கே தங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எல்லா ஊரிலும் நிலைமை இப்படியில்லை. டெல்லி கன்னாட் பிளேஸில் இருந்த காபி ஹவுஸ் நெருக்கடி நிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. பெங்களூர் எம்.ஜி. சாலையில் பல ஆண்டுகள் இருந்த கடை 2009இல் அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. நகரத்தின் நடுவே நிலத்தின் விலை ஏற ஏற, மலிவுக் காபிக்கு இடம் சுருங்குகிறது.

காபி வரத் தாமதமாகிறது, மெனு மாறுவதே இல்லை, சுவர் மங்கிக் கிடக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் பளபளப்பான கடைகளில் ஒரு காபிக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே ஒரு குடும்பமே சிற்றுண்டி சாப்பிட்டு எழுந்துவிடலாம். அந்த வித்தியாசம் நீடிக்க வேண்டுமென்றால், சங்கம் ஐந்து பத்து ரூபாய் கூட்டும்போது நம்மைப் போன்றவர்கள் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். கட்டடத்தைப் படமெடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடாமல், மேலே ஏறி உட்கார்ந்து ஒரு கட்லெட்டாவது வாங்க வேண்டும்.